ஒம்பதும் ஒண்ணுதானுங்க

யாககுண்டம் கட்டிப் பிழைக்கிறவனுக்கு மந்திரம் தெரிய வேண்டாம். கயிறு பிடிக்கத் தெரிந்தால் போதும், முழங்கால் தேய்கிறவரை வேலைக்குப் பஞ்சமில்லை. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வேலை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

நான் சிவில் டிப்ளமோ. திருச்செங்கோடு பக்கம் வீடுகளுக்கு அஸ்திவாரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவனை, ஒரு குருக்கள் கும்பாபிஷேக வேலைக்கு அவசரமாகக் கூட்டிப் போனார். யாகசாலைக்கு ஒன்பது குண்டம் கட்டவேண்டும். சதுரம், வட்டம், அரைவட்டம், முக்கோணம், அறுகோணம், எண்கோணம், தாமரை என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஆனால் ஒன்பதின் பரப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். நான் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தேன். அவர் ஒரு கயிற்றை நீட்டினார்.

"சுல்பம்னா கயிறுப்பா. வேத காலத்துலே அளக்கறதெல்லாம் கயித்துலதான்" என்றார். அந்தக் காலத்தில் வேள்வி செய்கிறவர் வீட்டில் மூன்று நெருப்பு இருந்ததாம். ஒன்று சதுரத்தில், ஒன்று வட்டத்தில், ஒன்று அரைவட்டத்தில். மூன்றுக்கும் ஒரே பரப்பு. இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றப் போய்த்தான் சதுரத்தை வட்டமாக்குவது, இரண்டு சதுரத்தை ஒன்றாக்குவது, மூலைக்கு மூலை கயிறு இழுத்தால் என்ன வரும் என்பது எல்லாம் கிளம்பியது. நாம் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பெயர் வைத்துப் படித்த தேற்றத்தை இவர்கள் இரண்டு முளைக்குச்சியை நட்டுவைத்து முடித்துவிட்டார்கள்.

இருபது வருஷம் ஆயிற்று. எனக்கு விளம்பரப் பலகை கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. "ஒம்பதும் ஒண்ணுதானுங்க" என்கிற ஒரு வார்த்தைதான் உண்டு. அதைச் சொல்லித்தான் வேலை வாங்குகிறேன். இதுவரை ஒருத்தரும் ஒன்பதையும் சேர்த்து அளந்து பார்த்ததில்லை. ஆனால் அது ஒரு நாள் பொய்யாகிப் போனால் நான் வெறும் செங்கல் அடுக்குகிறவன். தையல் கடைக்காரர்கள், சென்ட்ரிங் கட்டுகிறவர்கள், தோட்டத்துக்குக் கல் நடுகிறவர்கள், அளவெடுத்தே பிழைக்கிற சகலமான பேருக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும். மிச்சத்தை உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

நடுவிரல்

குண்டத்துக்கு அளவு எஜமானரின் உடம்பிலிருந்து வரவேண்டும். எஜமானர் என்றால் யார் பெயரில் ஹோமம் நடக்கிறதோ அவர். அவருடைய வலது கை நடுவிரலில் நடுக்கணு எவ்வளவோ அதுதான் ஒரு அங்குலம். இருபத்துநாலு அங்குலம் ஒரு முழம். ஆளுக்கு ஆள் குண்டம் மாறும். கடையில் வாங்கின டேப்புக்கு அங்கே வேலையே இல்லை.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி முதலாளி, புது வீட்டுக்கு ஹோமம் வைத்தார். ஆந்திரா, ஒரிசா என்று ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுச் சம்பாதித்த மனுஷன். "வலது கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றேன். அவர் துண்டைப் போட்டு மூடியிருந்த கையை மெதுவாக எடுத்து நீட்டினார். நடுவிரலும் பக்கத்து விரலும் இல்லை. துளை போடுகிற ராடு மாட்டும்போது போனதாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இடது கை ஆகாது என்றார் கூடியிருந்த சொந்தக்காரர்களில் ஒருத்தர். அண்ணன் கை ஆகலாம் என்றார் இன்னொருத்தர். குருக்கள்தான் பட்டென்று, "பக்கத்துல உக்காரப் போறவளும் எஜமானந்தானேப்பா, அந்தம்மா கையை அள" என்றார். அந்தம்மாவுக்குச் சின்ன விரல். குண்டமும் அதற்குத் தகுந்தாற்போல் அடக்கமாக வந்தது. முதலாளி அதைச் சுற்றி வந்து பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையை மூடாமல், "போச்சாது போங்க. ஊட்டுல இனி எல்லாமே அவ அளவுதானுங்க" என்றார்.

டபுள்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருத்தர். அவருடைய மச்சினன் வீட்டில் ஒரு முழக் குண்டம் கட்டிக் கொடுத்திருந்தேன். இவர் தன் பட்டறையில், "அதுக்கு டபுளா வேணுமுங்க" என்றார்.

பரப்பு இரண்டு மடங்கு ஆகவேண்டுமென்றால் பக்கத்தை இரண்டு மடங்காக்கக் கூடாது. பழைய சதுரத்தின் மூலைக்கு மூலை கயிறு இழுத்து, அந்த நீளத்தைப் புதுச் சதுரத்தின் பக்கமாக வைக்கவேண்டும். வேத காலத்து ஆட்கள் கண்டுபிடித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான். இருபத்துநாலு அங்குலத்துக்கு முப்பத்துநாலு அங்குலம் வந்தது. அவர் பார்த்தார். "ஏனுங்க இஞ்சினீரு, ஒரு முழத்துக்கு டபுள் ரெண்டு முழமில்லீங்களா? ஒண்ணரை முழங்கூட வரலியே?" டிப்ளமோ என்பதால் ஊரே என்னை இஞ்சினீரு என்றுதான் கூப்பிடும். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

நான் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். நம்பவில்லை. கடைசியில் அவரே ஒரு தகட்டில் இரண்டு சதுரத்தையும் வெட்டி, பட்டறைத் தராசில் ஏற்றி இறக்கினார். பெரியது சரியாக இரண்டு மடங்கு எடை நின்றது. இருபது வருஷத்தில் என் கணக்கைச் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அவர் தகட்டைக் கீழே வைத்தார். "எடை சரிதானுங்க. ஆனா வர்ற மச்சினனைத் தராசுகிட்டக் கூட்டீட்டுப் போயா காட்ட முடியும்? பாத்தாத் தெரியோணும். ரெண்டு முழமே போட்டுருங்க."

வேலி

ஒன்பது குண்டத்துக்கும் செலவை ஏற்கிற ஒன்பது உபயதாரர் இருப்பார்கள். எடப்பாடி பக்கம் ஒரு கோயிலில் அண்ணனுக்கு முக்கோணம், தம்பிக்கு வட்டம் என்று விழுந்தது. இரண்டு பேரும் ஒரே வரப்பில் தோட்டம் வைத்திருக்கிற விவசாயிகள். பேச்சுவார்த்தை கிடையாது.

தம்பி வந்து வட்டத்தையும் முக்கோணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் கயிற்றையே எடுத்து இரண்டையும் சுற்றி அளந்தார். "பாருங்க, எனக்கு எம்பத்தஞ்சு அங்குலம். அவனுக்கு நூத்தி ஒம்பது. எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றளவு வேறு, பரப்பு வேறு என்றேன். ஒரே பரப்பை அடைக்க வட்டத்துக்குக் கொஞ்சம் வேலி போதும், முக்கோணத்துக்கு நிறைய வேலி வேண்டும் என்றேன். "உங்க தோட்டத்தை வேலி நீளத்தைப் பாத்து வாங்குனீங்களா, ஏக்கர் பாத்து வாங்குனீங்களா?" என்று கேட்டேன்.

இந்த இடத்தில் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் தலையைக்கூட ஆட்டினார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "தோட்டம்னா நீங்க சொல்றது சரிங்க. இது கௌரவமுங்க" என்றார்.

பருந்து

ஒரு கோழிப்பண்ணைக்காரர் போனில் பிடித்தார். வேத காலத்தில் பருந்து உருவத்தில் வேள்வி மேடை கட்டுவார்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். உண்மைதான். ஐந்து அடுக்கு, அடுக்குக்கு இருநூறு கல். கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த அடுக்கின் இணைப்பு வரக்கூடாது. அத்தனை கோணல்மாணல் கல்லையும் வெட்டி அடுக்கின பிறகும் மொத்தப் பரப்பு சொன்ன அளவில் நிற்கவேண்டும். "அதுல சின்னதா ஒண்ணு நம்ம பண்ணையில கட்டோணுமுங்க. தொழில் பறக்கோணும்" என்றார்.

இப்படி ஒரு வேலை வாழ்நாளில் ஒருமுறை வரும் என்று நான் ஆசைப்பட்டுவிட்டேன். தாளில் வரைந்து, கல்லுக்கு அச்சு செய்து, பழனியம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். பழனியம்மாள் என்னிடம் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறவர். சித்தாளாக வந்தவர் இப்போது என்னைவிட நேராகக் கல் வைப்பார். முதல் அடுக்கு முடிந்து, சிறகும் வாலும் தலையும் தெளிவாகத் தெரிந்தது. நான் எட்ட நின்று பார்த்து மனசார சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, பண்ணைக்காரரின் மனைவி மோர் கொண்டுவந்தார். அவருக்கு அதுவரை யாரும் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"என்னங்க இது?" என்றார். பருந்து என்றேன். மோர்ச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார். "நாப்பதாயிரம் கோழி இருக்கற பக்கம் பருந்தைக் கட்டிவெச்சு, அதுக்கு நெய்யும் ஊத்திக் கும்புடப் போறீங்களாக்கும்?"

நெகட்டிவ் மார்க்

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு நடக்கிற ஒரு கோச்சிங் பள்ளியின் கணக்கு வாத்தியார், ஒரு கோயிலில் யாகசாலைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வட்டம் போடுவதைக் கவனித்தார். சதுரத்தின் நடுவில் முளை அடித்து, மூலை வரை கயிறு இழுத்து, அதை அப்படியே பக்கத்தை நோக்கித் திருப்பவேண்டும். பக்கத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினால் அதே பரப்பில் வட்டம் வந்துவிடும். வேத காலத்து விதி.

வாத்தியார் போனை எடுத்துத் தட்டினார். "சதுரம் ஐந்நூற்று எழுபத்தாறு. வட்டம் ஐந்நூற்று எண்பத்தாறு வருதே? பத்து அதிகம்" என்றார். இத்தனை வருஷமாக "ஒம்பதும் ஒண்ணு" என்று சொன்ன வாய் இது. கயிறும் குச்சியும் மட்டும் வைத்திருந்தவர்கள் இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிசு, ஆரத்தில் ஒரு நெல் கனம்தான் வித்தியாசம் என்று சமாளித்தேன். அன்றிலிருந்து வட்டத்தை மட்டும் ஒரு நெல் கனம் உள்ளே வாங்கித்தான் கட்டுகிறேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். வாத்தியார் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே தோளில் தட்டிக் கொடுத்தார். "என்ன இருந்தாலும் நெகட்டிவ் மார்க் போட்டா உங்க ரிஷிக்கு சீட்டு கிடைக்காதுங்க."

மஞ்சள் தண்ணீர்

இது போன சித்திரையில், எங்கள் பங்காளிக் கூட்டத்தின் குலதெய்வக் கோயிலில் நடந்தது. கோயில் கமிட்டித் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. "நம்ம பையன் கட்டறான். ஒம்பதும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்று ஊர்க் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். வெளியூர்க் கோயிலில் சொன்ன வார்த்தை வேறு. இது பங்காளிகள் அத்தனை பேர் காதிலும் விழுந்த வார்த்தை.

முதல் நாள் ஐந்து குண்டம் முடித்தோம். மறுநாள் விடிந்ததும் மீதி நாலு. எண்கோணம், அறுகோணம், தாமரை, அரைவட்டம். பூசி, காவி அடித்து, வெள்ளைக் கோடும் போட்டாயிற்று. பதினோரு மணிக்குக் கயிற்றைச் சுருட்டுவதற்கு முன்னால், பழக்க தோஷத்தில் அறுகோணத்தின் மேல் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். கயிறு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எண்கோணத்திலும் அப்படியே. நாலிலும் முழத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது. முதல் நாள் கட்டிய ஐந்தும் சரியாக இருந்தன. ஒருவேளை கண் போய்விட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன்.

கயிற்றை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனபோது மஞ்சள் வாசனை அடித்தது. பழனியம்மாளைக் கேட்டேன். "ஆமாங்க, காத்தால மஞ்சத்தண்ணியில முக்கி எடுத்தேனுங்க. உங்க குலசாமி கோயிலு. யாகசாலைக்குள்ளாற போற கயிறு சுத்தமாப் போவோணுமில்லீங்களா?" என்றார். பருத்தி நூலில் முறுக்கின கயிறு அது. நனைந்தால் சுருங்கும். சுருங்கின கயிற்றில் நாலு குண்டத்தையும் கட்டிவிட்டு, வெயிலில் காய்ந்து நீண்ட கயிற்றில் அளந்துகொண்டிருக்கிறேன். அந்தம்மா பக்தியில் செய்த காரியம். பிடிக்கும்போது ஈரத்தைக் கவனிக்காமல் விட்டது என் கை. திட்டுவதற்கு வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

குருக்களிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சாயங்காலம் யாகசாலைப் பிரவேசம். விட்டுடுப்பா. அக்னிக்கு எல்லாம் ஒண்ணுதான். யாருக்குத் தெரியப் போறது?" என்றார். கயிற்றை என் கையில் கொடுத்த மனுஷனே அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் அவர் சொன்னதும் நிஜம்தான். யாருக்கும் தெரியாது என்பதுதான் இருபது வருஷமாக இந்தத் தொழிலின் லட்சணம். தெரிந்தவன் நான் ஒருத்தன். நானும் கண்ணை மூடிக்கொண்டால் அந்த வார்த்தைக்கு நாதியில்லை.

பெரியப்பா பந்தலில் பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தார். அங்கேயே போய், நாலு குண்டம் அளவு தப்பிவிட்டது, தப்பு என்னுடையது, இடித்துக் கட்டவேண்டும் என்றேன். கட்டின குண்டத்தை இடிப்பது அபசகுனம் என்று ஒரு பங்காளி கத்தினார். இன்னொருத்தர், "இஞ்சினீருன்னு நம்ம ஆளுக்குக் குடுத்தா இப்படித்தான்" என்றார். காது மடல் எரிந்தது. பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமலே, "பொழுது சாயறதுக்குள்ளாற முடிச்சிரு" என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் பழனியம்மாள் அறுகோணத்தைக் கடப்பாரையால் பெயர்க்க ஆரம்பித்திருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அது வியர்வையா அழுகையா என்று நான் கேட்கவில்லை. சித்திரை வெயில், மேலே தகரப் பந்தல். உலர்ந்த கயிற்றால் நாலையும் மறுபடி குறித்தோம், கல் வைத்தோம், பூசினோம், காவி அடித்தோம். சோறு தண்ணி இல்லை. கடைசிக் கோடு போட்டபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. பழனியம்மாள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஐந்து மணிக்கு ஒன்பது குண்டத்தையும் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்பதும் ஒன்றாக இருந்தது.

மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெரியப்பா குளித்து, புது வேட்டி கட்டி, யாகசாலைக்குள் வந்தார். ஒரு குண்டம் விடாமல் நின்று நின்று பார்த்தார். அறுகோணத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், நிஜமான கவலையோடு கேட்டார்: "ஏஞ்சாமி, காத்தால இருந்த மாதிரியேதான இருக்குது?"

நெருப்புக்கும் கணக்குத் தெரியாது, கமிட்டிக்கும் தெரியாது, தெரிந்து தொலைத்த பாவத்துக்கு நான் முழங்காலுக்குத் தைலப் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.